ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினால் கவனம் சிதறாதா?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் போய்க்கொண்டிருக்கிறது. போன் அடிக்கிறது. ஓட்டுபவர் ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். போனைக் கையில் பிடிக்காமல் பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறையில், ஸ்பீக்கரில் குரல் கேட்கிறது. இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்தான் இருக்கின்றன, கண்களும் சாலையில்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல நாடுகளில் சட்டமும் இதைத் தடுப்பதில்லை.

ஆனாலும் பேச்சு முடியும்வரை அவர் பிரேக் பிடிப்பது தாமதமாகும். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்ப்பது குறையும். நேர் எதிரே நிற்கும் பலகைகூட மனதில் ஏறாமல் போகலாம். ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு நேரான பதில்: சிதறும். போனைக் கையில் பிடிக்காததால் குறைகிற ஆபத்து ஒன்று உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பேச்சே உண்டாக்கும் சிதறலை ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவி தொடுவதே இல்லை.

கண், கை, மனம்

ஓட்டுநரின் கவனம் மூன்று வழிகளில் சிதறும். கண் சாலையை விட்டு விலகுவது ஒன்று. கை ஸ்டீயரிங்கையோ கியரையோ விட்டு வேறு வேலைக்குப் போவது இன்னொன்று. கண்ணும் கையும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்க, மனம் மட்டும் வேறெங்கோ போவது மூன்றாவது.

குறுஞ்செய்தி தட்டும்போது இந்த மூன்றும் சேர்ந்து நடக்கின்றன. அதனால்தான் அது எல்லாவற்றிலும் மோசம். அமெரிக்காவில் லாரிகளில் கேமரா பொருத்தி வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்தான நிகழ்வைச் சுற்றிய 6 நொடிகளில் சுமார் 4.6 நொடிகள் செய்தி தட்டியவர்களின் கண் சாலையில் இல்லை. போனைத் தேடி எடுப்பதும் எண்ணை அழுத்துவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

ஹேண்ட்ஸ்ஃப்ரீ இந்த முதல் இரண்டைப் பெருமளவு குறைக்கிறது. முழுவதுமாக நீக்குகிறது என்று சொல்ல முடியாது. திரையில் பெயரைத் தேடுவதும், குரல் கட்டளை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு இரண்டாம் முறை சொல்வதும், காதிலிருந்து நழுவிய இயர்போனைச் சரிசெய்வதும் கண்ணையும் கையையும் இழுக்கத்தான் செய்யும். இருந்தாலும் அவை சில நொடிகளில் முடிந்துவிடும். பேச்சு பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடமும் மூன்றாவது வகைச் சிதறல் குறையாமல் தொடர்கிறது.

கண்ணில் படும், மனதில் பதியாது

மனம் சிதறுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: “என் கண் ரோட்டிலதானே இருக்கு.” கண்ணை ஒரு கேமராவைப் போல நினைப்பதால் வரும் எண்ணம் இது. கண் அனுப்புவதை மூளை கவனித்து எடுத்துக்கொண்டால்தான் அது பார்வை. எடுத்துக்கொள்ளாவிட்டால், நேராகப் பார்த்த பொருளும் பார்க்காத பொருளுக்குச் சமம்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் இதை 2003-ல் சோதித்துக் காட்டினார்கள். சாலையைத் திரையில் காட்டும் டிரைவிங் சிமுலேட்டரில் ஓட்டியவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதைக் கண்ணசைவுக் கருவி பதிவு செய்தது. ஓட்டி முடித்த பிறகு, வழியில் இருந்த விளம்பரப் பலகைகளை அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்கள், தங்கள் கண் நேராக நின்று பார்த்த பலகைகளைக்கூட மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே அடையாளம் காட்டினார்கள். பிற்பாடு அதே குழு மூளையின் மின் அலைகளை அளந்தது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரிந்ததும் மூளையில் எழும் ஓர் அலை, பேசுபவர்களிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. விளக்கு எரிவது கண்ணுக்குப் போகிறது. அதற்கு மூளை கொடுக்கும் மதிப்பு பாதியாகிவிடுகிறது.

சிமுலேட்டர் வேறு, நிஜச் சாலை வேறு என்பவர்களுக்கு ஒரு விபத்தைச் சொல்லலாம். 2004 நவம்பர் 14 அன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா அருகே மாணவர்களை ஏற்றிச் சென்ற ஒரு பேருந்து, சாலைக்கு மேலே செல்லும் ஒரு கல்பாலத்தின் வளைந்த அடிப்பக்கத்தில் மோதியது. பேருந்தின் உயரம் 12 அடி. அது சென்ற வலப்பக்க லேனில் பாலத்துக்கு அடியில் இருந்த உயரம் 10 அடி 2 அங்குலம். பக்கத்து லேனில் 13 அடிக்கு மேல் இடம் இருந்தது. உயரம் குறைவு என்று எச்சரிக்கும் பலகைகள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன. 11 மாணவர்கள் காயமடைந்தார்கள். ஓட்டுநர் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டிருந்தார். பலகையையும் பார்க்கவில்லை, பாலத்தையும் பார்க்கவில்லை என்று விசாரணையில் சொன்னார். பேச்சில் மனம் போனதுதான் காரணம் என்று அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. ஒரு கல்பாலமே மனதில் ஏறவில்லை என்றால், சாலையோரம் நிற்கும் சிறுவன் எப்படி ஏறுவான்?

நடக்கும்போதுகூட இதுதான் நடக்கிறது. மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியைச் சுற்றவிட்டு, அவ்வழியே நடந்தவர்களிடம் பிறகு கேட்டார்கள். போனில் பேசிக்கொண்டு நடந்தவர்களில் கோமாளியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் 25 சதவீதம். தனியாகச் சும்மா நடந்தவர்களில் 51 சதவீதம். இரண்டு பேராகச் சேர்ந்து நடந்தவர்களில் 71 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரே கவுன்ட்டர், இரண்டு வரிசை

மூளை இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்வதாக நமக்குத் தோன்றுகிறது. முடிவெடுக்க வேண்டிய வேலைகளில் அது உண்மையில்லை. இரண்டு வரிசைகளுக்கு ஒரே கவுன்ட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வேகமாக மாறி மாறிக் கவனித்தால் இரண்டு வரிசையும் நகர்வதுபோல் இருக்கும். ஆனால் ஒரு வரிசைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அடுத்த வரிசையில் எவ்வளவு அவசரக்காரர் வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பிரேக் விளக்கு எரிவது அந்த அவசரக்காரர்.

“ஓட்டுவது எனக்குப் பழகிப்போச்சு, அதுக்கு யோசிக்கவே வேண்டாம்” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஓட்டுவதில் இரண்டு அடுக்குகள் உண்டு. கிளட்ச் மிதிப்பது, கியர் மாற்றுவது, லேன் நடுவில் வண்டியை வைத்திருப்பது எல்லாம் கீழ் அடுக்கு. அது பழக்கத்தில் தானாகவே நடக்கும். எதிரே வரும் வண்டிக்கு முன்னால் திரும்ப இடம் இருக்கிறதா, அந்த ஆட்டோ திடீரென நிற்குமா, நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து யாராவது வருவார்களா என்பவை மேல் அடுக்கு. அவை எத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் கணத்துக்குக் கணம் யோசித்துத்தான் ஆக வேண்டும். பேச்சு இந்த மேல் அடுக்கோடுதான் போட்டி போடுகிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. செல்போனே இல்லாத 1969-ல், பிரிட்டனில் ஐவன் பிரவுனும் உடன் பணியாற்றியவர்களும் வானொலித் தொலைபேசியில் பேசவைத்து ஓட்டுநர்களைச் சோதித்தார்கள். ஓர் இடைவெளிக்குள் வண்டி நுழையுமா நுழையாதா என்று கணிக்கும் திறன் பேச்சினால் கெட்டது. ஏற்கெனவே பழகிப்போன ஸ்டீயரிங் திறன் அவ்வளவாகக் கெடவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கீழ் அடுக்கு நன்றாக இருப்பதால், ஓட்டுபவருக்குத் தான் நன்றாக ஓட்டுவதாகவே தெரியும். சில ஆய்வுகளில், பேசிக்கொண்டு ஓட்டுபவர்களின் வண்டி லேனுக்குள் வழக்கத்தைவிட ஒரே சீராகப் போனது. அது நல்ல அறிகுறியல்ல. பார்வை நடுவில் உறைந்துவிடுவதால் வரும் சீர் அது. கனடாவில் நகரச் சாலைகளில் ஓட்டவைத்து, ஹேண்ட்ஸ்ஃப்ரீ வழியாகக் கணக்குக் கேள்விகள் கேட்டுச் சோதித்தபோது, கேள்வி கடினமாக ஆக ஓட்டுநர்கள் நேர் எதிரே பார்ப்பது கூடியது. கண்ணாடிகளையும் ஓரங்களையும் பார்ப்பது குறைந்தது. ஆபத்து பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் வருகிறது.

மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்வதே ஒரு பாரம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2008-ல் செய்த மூளை ஸ்கேன் சோதனையில், சிமுலேட்டரில் ஓட்டியவர்கள் பதில் பேசக்கூட வேண்டியதில்லை. காதில் விழும் வாக்கியங்கள் சரியா தவறா என்று தீர்மானித்தால் போதும். அதற்கே, ஓட்டுவதற்குத் தேவையான இடவுணர்வைக் கையாளும் மூளைப் பகுதியின் இயக்கம் 37 சதவீதம் குறைந்தது.

கால் நொடியின் கணக்கு

போன் பேச்சு பிரேக் பிடிக்கும் நேரத்தை எவ்வளவு தாமதமாக்குகிறது? 30-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் வெளியான ஒரு மதிப்பீடு, சராசரியாக 0.25 நொடி என்றது. கையில் பிடித்துப் பேசினாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினாலும் ஏறக்குறைய இதே அளவுதான்.

கால் நொடி என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். கால் நொடியில் வண்டி 4.2 மீட்டர் கூடுதலாகப் போய்விடும். ஏறத்தாழ ஒரு காரின் நீளம். “ஒரு கார் தூரம்தானே” என்று இங்கே நிறுத்திவிடக் கூடாது, விஷயமே இதற்கு அடுத்துத்தான் வருகிறது. உலர்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறையும் என்று கொள்வோம். பேசாத ஓட்டுநர், குறுக்கே வந்தவரின் காலுக்கு ஓர் அங்குலம் முன்னால் வந்து நிற்கிறார். பேசிக்கொண்டிருந்தவர் அதே இடத்துக்கு வரும்போது அவர் வண்டியின் வேகம் இன்னும் மணிக்கு சுமார் 27 கிலோமீட்டர் இருக்கும். முதலாமவரின் வண்டி பூஜ்ஜியத்தில் இருக்கும் அதே புள்ளியில் இவர் வண்டி ஒருவரைத் தூக்கி எறியும் வேகத்தில் இருக்கிறது. பிரேக்கின் கடைசி சில மீட்டரில்தான் வேகம் மளமளவென்று இறங்கும் என்பதால் இப்படி.

அதே கணக்கை மணிக்கு 80-ல் போட்டால் 5.6 மீட்டர் தாமதம், மோதும் வேகம் சுமார் 32. ஈரச் சாலையில் பிரேக் பிடிமானம் குறைவதால் நிற்கும் தூரமே நீண்டுவிடும். அதோடு கால் நொடி என்பது சராசரி. கடினமான பேச்சில், எதிர்பாராத ஆபத்தில், தாமதம் இதைத் தாண்டும். கவனிக்கவே தவறினால் தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேசுபவர்கள் இதை ஓரளவு ஈடுகட்டவும் செய்கிறார்கள். வேகத்தைக் குறைக்கிறார்கள், முன்வண்டியோடு இடைவெளி விடுகிறார்கள். தெரிந்து செய்வதல்ல, தானாக நடப்பது. காலியான சாலையில் இது உதவும். வண்டிகள் நெருக்கும் சாலையில் அந்த இடைவெளிக்குள் இன்னொருவர் புகுந்துவிடுவார், ஈடுகட்டியது அத்தோடு போயிற்று.

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசலாம், போனில் கூடாதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் கவனத்தை எடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அவருக்கும் சாலை தெரிகிறது. முன்னால் லாரி திடீரென்று நின்றால் அவர் பேச்சு பாதியில் நின்றுவிடும். “பாத்து, பாத்து” என்பார். வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்று ஞாபகப்படுத்துவார். மழை வலுத்தால் பேச்சைக் குறைப்பார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. நீங்கள் ஓவர்டேக் செய்யும் அந்த நொடியில்தான் அவர் முக்கியமான கேள்வியைக் கேட்பார்.

யூட்டா குழுவின் 2008 சோதனை இதை நேரடியாக அளந்தது. நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்று ஓர் ஓய்விடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. பக்கத்தில் இருந்த நண்பரோடு பேசியபடி ஓட்டியவர்களில் 88 சதவீதம் பேர் சரியாக நிறுத்தினார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்களில் பாதிப் பேர் திருப்பத்தைத் தவறவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கோமாளியைப் பார்த்த அந்த 71 சதவீதத்துக்கும் காரணம் இதுவே: இரண்டு ஜோடிக் கண்கள். ஓட்டுநரின் முகமும் முன்னால் இருக்கும் சாலையும் மறுமுனையில் இருப்பவருக்கு வீடியோவில் தெரியும்படி வைத்தால் நிலைமை மேம்படுவதை, இல்லினாய் பல்கலைக்கழகச் சிமுலேட்டர் சோதனையும் காட்டியது. எல்லாப் பயணியும் இப்படி உதவுவார் என்பதில்லை. சாலையையே பார்க்காமல் சண்டை பிடிப்பவரும், பின் சீட்டில் அழும் குழந்தையும் போனைவிட மோசமாகலாம்.

போனின் ஒலியும் ஒரு காரணம். பழைய தொலைபேசி முறை 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘ஸ’வும் ‘ஃப’வும் பிரித்தறியத் தேவையான மேல் அதிர்வெண்கள் அதில் வெட்டுப்படும். புதிய முறைகளில் இது மேம்பட்டிருந்தாலும், சிக்னல் பலவீனமான இடத்தில் குரல் உடையும். அதற்குமேல் டயர் சத்தம், ஏசி சத்தம். விடுபட்டதை மூளை ஊகித்து நிரப்ப வேண்டும், அதற்கும் கவனம் செலவாகிறது. இன்னொன்று, குரல் போய்ச் சேரும் தாமதம். ஒரு வழிக்கு 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி 200 மில்லிநொடி அளவுதான். போனின் தாமதம் அதைக் குழப்ப, இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், “ஹலோ, கேக்குதா?” என்பார்கள். தன் மௌனம் நீண்டால் மறுமுனையில் இருப்பவர் தொடர்பு அறுந்ததாக நினைப்பார் என்ற அவசரத்தில், ஓட்டுபவர் முதலில் பதிலைச் சொல்லிவிட்டுப் பிறகு சாலையைக் கவனிக்கிறார். வரிசை தலைகீழாகிவிடுகிறது.

வானொலியோ பாட்டோ அப்படியில்லை. அது பதில் எதிர்பார்ப்பதில்லை. சாலை நெருக்கடியானால் மனம் அதைக் கைவிட்டுவிடும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2001-ல் யூட்டாவில் நடந்த சோதனையில், போனில் பேசியவர்கள் சிக்னலைத் தவறவிடுவது இரு மடங்கானது. வானொலி கேட்டவர்களிடம் அப்படி ஒரு மாற்றம் இல்லை.

எந்தப் பேச்சு எவ்வளவு கெடுக்கும்?

எல்லா அழைப்பும் ஒன்றல்ல. “பத்து நிமிஷத்துல வந்துடுவேன்” என்பது ஒரு ரகம். “அந்த ரசீதை எந்த அலமாரியில வெச்சீங்க?” என்பது வேறு ரகம். இரண்டாவது சாதாரணமாகத்தான் தெரிகிறது, ஆனால் அதுதான் ஆபத்தானது.

ஒரு திருப்பத்தில் அதை வைத்துப் பார்ப்போம். எதிரே வரும் வண்டிகளின் பாதையைக் குறுக்கே வெட்டித் திரும்ப வேண்டும். எதிரே ஒரு லாரி வருகிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேகத்தில் வருகிறது, உங்கள் வண்டி நகர எவ்வளவு நேரம் எடுக்கும், திரும்பும் தெருவில் யாராவது கடக்கிறார்களா, லாரிக்குப் பின்னால் மறைந்து ஒரு பைக் வருகிறதா என்று ஐந்து விஷயங்களை இரண்டு நொடிக்குள் பார்த்தாக வேண்டும். அந்த நேரத்தில் அலமாரிக் கேள்வி வருகிறது. பதில் சொல்ல நீங்கள் மனதுக்குள் அந்த அறைக்குப் போக வேண்டும், அலமாரியைத் திறக்க வேண்டும், தட்டுகளைப் பார்க்க வேண்டும். மனக்கண்ணால் பார்ப்பதற்கும் நிஜக் கண்ணால் பார்ப்பதற்கும் மூளை பெரும்பாலும் ஒரே கருவிகளைத்தான் பயன்படுத்துகிறது. கண் லாரியின் மேல் நிற்கும். உள்ளே ஓடுவது அலமாரி. லாரி பெரியது, தப்பாமல் தெரிந்துவிடும். தவறிப்போவது அதன் பின்னால் வரும் பைக். பிரிட்டனில் 2016-ல் வெளியான சோதனையிலும், மனதில் காட்சியை வரவழைக்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் குறைவான ஆபத்துகளையே கவனித்தார்கள். அவர்களின் பார்வை சுழலும் பரப்பும் சுருங்கியது.

வழி சொல்வது, பொருள் இருக்கும் இடத்தை விவரிப்பது, கணக்குப் பார்ப்பது, விலை பேசுவது, வாக்குவாதம், கெட்ட செய்தி இவையெல்லாம் கனமான பேச்சு. அலுவலகக் கூட்டத்தில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் கலந்துகொள்வதும் இதே ரகம். எந்த நொடியில் உங்கள் பெயரைச் சொல்வார்கள் என்று தெரியாததால் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதே பாரம்.

பேச்சு முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. காரிலும் போனிலும் உள்ள குரல் கட்டளை வசதிகளை 2015-ல் சோதித்தபோது, மிகச் சிக்கலானவற்றில் வேலை முடிந்த பிறகும் 27 நொடிகள் வரை கவனம் முழுமையாகத் திரும்பவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் 27 நொடி என்பது 300 மீட்டர். சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் பேசிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

விபத்துக் கணக்கு என்ன சொல்கிறது?

கனடாவின் டொரன்டோவில், செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டார்கள்: விபத்துக்குச் சற்று முன் பேசினாரா, விபத்து இல்லாத வேறொரு நாளில் அதே நேரத்தில் பேசினாரா என்று. பேசும்போது விபத்து வாய்ப்பு சுமார் 4 மடங்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவியால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து 2005-ல் வெளியான ஆய்விலும் கிட்டத்தட்ட அதே 4 மடங்கு, இரண்டு வகைப் பேச்சுக்கும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு, அதை மறைப்பது சரியல்ல. வண்டிக்குள் கேமரா வைத்து மாதக்கணக்கில் பதிவு செய்த ஆய்வுகள் பலவற்றில், ஹேண்ட்ஸ்ஃப்ரீ பேச்சால் மட்டும் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. லாரி ஓட்டுநர்களிடம் சற்றுக் குறைந்ததாகக்கூட வந்தது. நீண்ட, சலிப்பான சாலையில் பேச்சு தூக்கத்தை விரட்டும் என்பது ஒரு விளக்கம். சாலை எளிதாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் பலர் பேசுகிறார்கள் என்பது இன்னொன்று. மேலும், கேமராவுக்குக் கண் விலகுவது தெரியும், கை விலகுவது தெரியும். மனம் விலகுவது தெரியாது. ஆக, விபத்து எத்தனை மடங்கு என்பதில்தான் கருத்து வேறுபாடு. பேச்சு மூளையின் வேகத்தையும் பார்வையையும் குறைக்கிறது என்பதைப் பல ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. 4 மடங்கு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை, ஆனால் ஹேண்ட்ஸ்ஃப்ரீ என்றால் பாதுகாப்பு என்று சொல்ல ஆதாரமும் இல்லை.

சட்டம் ஏன் அனுமதிக்கிறது என்றால், காதில் பிடித்த போனைக் காவலர் பார்க்க முடியும், மனதில் ஓடும் பேச்சைப் பார்க்க முடியாது. அனுமதி என்பது சான்றிதழ் அல்ல. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011-லேயே, அவசரம் தவிர மற்ற போன் பயன்பாட்டை, ஹேண்ட்ஸ்ஃப்ரீ உட்பட, ஓட்டுநர்களுக்குத் தடை செய்யப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ தடை இல்லை, ஆனாலும் வண்டி உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று காவலர் கருதினால் வழக்கு வரும்.

“எனக்கு ஒன்றும் ஆகாது” என்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 200 பேரைச் சோதித்ததில், பேசிக்கொண்டே ஓட்டியும் திறன் குறையாதவர்கள் 2.5 சதவீதம் பேர் இருந்தார்கள். அதாவது 5 பேர். அந்த ஐவரில் தானும் ஒருவர் என்று பலரும் நம்புவதற்குக் காரணம் எளிது: தவறவிட்டதை மனம் பதிவு செய்யாததால், தவறவிட்டது தெரியாது. நினைவில் இருப்பதெல்லாம் அமைதியான பயணம்தான். இதைச் சோதிக்கப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. வேறொருவர் ஓட்ட, நீங்கள் பயணியாக உட்கார்ந்து, பக்கத் தெருக்களிலிருந்து வரும் வண்டிகளைப் பத்து நிமிடம் எண்ணுங்கள். ஓட்டுபவருக்குத் தொந்தரவாகாதபடி இயர்போனில் ஒருவரோடு பேசியபடி இன்னொரு பத்து நிமிடம் எண்ணுங்கள். பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து அவரையும் எண்ணச் சொன்னால் உங்கள் விடுபடல் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இரு சக்கர வண்டியில்

ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் வைத்துப் பேசுவதில் மேலே சொன்ன அனைத்தும் உண்டு. அதோடு மூன்று சேரும். வேகம் கூடும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேல் குரலைக் கேட்கச் சத்தத்தைக் கூட்டினால் ஹாரன் அமுங்கிப்போகும், காதும் கெடும். காதை அடைக்கும் இயர்போன் பின்னால் வரும் வண்டியின் ஒலியை மறைக்கும். போனை ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் செருகிக்கொண்டு பேசுவதில் கை விடுபட்டிருக்கலாம், ஆனால் கழுத்தைத் திருப்ப முடியாது. லேன் மாறும்முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது நின்றுவிடும், போன் நழுவும்போது கை தானாக மேலே போகும்.

என்ன செய்யலாம்?

கிளம்பும் முன் பேச வேண்டியதைப் பேசி முடியுங்கள், வழி காட்டும் செயலியில் போக வேண்டிய இடத்தைப் பதியுங்கள். பிறகு போனில் ஓட்டும்போதான ‘தொந்தரவு செய்யாதே’ வசதியை இயக்குங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் ஐபோனிலும் இது உண்டு. வண்டி நகர்வதை உணர்ந்தோ, காரின் ப்ளூடூத்தோடு இணைந்ததுமோ தானாகவே இயங்கும்படி வைக்கலாம். அழைப்பவருக்கு “ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்” என்று தானே பதில் அனுப்பும் வசதியும் சிலவற்றில் உண்டு. இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று: ஐபோனில் காரின் ப்ளூடூத் இணைந்திருந்தால், இந்த வசதி இயங்கும்போதும் அழைப்புகள் வழக்கம்போல் உள்ளே வரும். அமைப்பை மாற்றிய பிறகு, வண்டி நிற்கும்போது இன்னொரு போனிலிருந்து அழைத்துச் சரிபார்த்துவிடுங்கள். பேருந்தில் பயணியாகப் போகும்போதும் அது இயங்கிவிட்டால், ‘நான் ஓட்டவில்லை’ என்பதைத் தட்டினால் போதும்.

வீட்டில் யாருக்காவது உடல்நிலை சரியில்லை, அழைப்பை அடைக்க முடியாது என்றால், அந்த ஓரிரு எண்களை மட்டும் விதிவிலக்காக வையுங்கள். எடுத்ததும் ஒரே வாக்கியம்: “ஓட்டிட்டு இருக்கேன், நிறுத்திட்டுக் கூப்பிடுறேன்.” ஏன், எங்கே என்று விளக்கத் தொடங்கினால் பேச்சு வளர்ந்துவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் போன் அவர் கையில் இருக்கட்டும்.

அழைப்பவருக்கும் பங்கு உண்டு. எடுத்தவர் வண்டி ஓட்டுவது தெரிந்தால், “சரி, அப்புறம் பேசலாம்” என்று நீங்களே வையுங்கள். ஓட்டுபவரால், குறிப்பாக மேலதிகாரியோ வாடிக்கையாளரோ அழைக்கும்போது, வைக்க முடியாமல் போகும். வண்டியில் ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள், ஓடும் வண்டிக்கு அழைப்பதில்லை என்று தங்களுக்கே விதி வைத்துக்கொண்டு, ஓட்டுநர் நிறுத்தி ஓய்வெடுக்கும் நேரத்தை அழைப்பு நேரமாக வைக்கலாம். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படியும் நிறுத்த வேண்டும், தவறிய அழைப்புகளுக்கு அந்த இடைவெளி போதும்.

நிறுத்துவதற்கும் இடம் பார்க்க வேண்டும். வேகமான நெடுஞ்சாலையின் ஓரம் பேசுவதற்கான இடமல்ல, பின்னால் வரும் வண்டி மோதும் ஆபத்து அங்கே அதிகம். பெட்ரோல் பங்க், வண்டி நிறுத்துமிடம், உணவக வளாகம் போன்ற இடம் வரும்வரை ஓட்டுங்கள். வளைவிலும் பாலத்திலும் நிறுத்தக் கூடாது. என்ஜினை அணைத்து, கைபிரேக் போட்ட பிறகு அழையுங்கள். பேசி முடித்ததும் உடனே கிளம்பாமல் அரை நிமிடம் உட்கார்ந்திருங்கள். மூன்று கண்ணாடிகளையும் பாருங்கள், பின்னால் என்ன வண்டி வருகிறது என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அது சட்டென்று வந்தால் இண்டிகேட்டரைப் போடலாம். வராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம்.